எந்த இடத்தைக் காப்பது, எதை விடுவது? இயற்கைப் பாதுகாப்புத் திட்டமிடல்: ஓர் எளிய அறிமுகம்

உலகிலேயே பெரிய தேசியப் பூங்கா எது என்று கேட்டால் பலர் ஆப்பிரிக்கப் புல்வெளி எதையாவது சொல்வார்கள், சிலர் அமேசான் என்பார்கள். அது இருப்பது வடகிழக்கு கிரீன்லாந்தில். 1974-இல் அறிவிக்கப்பட்டு 1988-இல் விரிவாக்கப்பட்ட அதன் பரப்பு சுமார் 9,72,000 சதுர கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி பனிப்படலம். துருவக் கரடியும் கஸ்தூரி எருதும் அங்கே வாழ்கின்றன, ஆகவே அது வீண் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உழவும் முடியாத, நகரம் கட்டவும் முடியாத நிலத்தைப் பூங்காவாக அறிவிப்பது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

உலகம் முழுக்க ஏறக்குறைய இதே கதைதான். காப்பகங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் செங்குத்தான மலைச் சரிவு, வளமில்லாத மேட்டுநிலம், பாலை, பனி ஆகியவற்றில் நெருக்கமாக இருக்கும். ஆற்றோரச் சமவெளி, வண்டல் தாழ்நிலம் என்று வரும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகிவிடும். யாரும் சதி செய்து இப்படி ஆகவில்லை. நல்ல மண்ணை உழவு முதலில் எடுத்துக்கொண்டது, தண்ணீர் இருந்த இடத்தை ஊர்கள் எடுத்துக்கொண்டன, யாருக்கும் வேண்டாத நிலம் காப்பகமானது. ஆனால் செடிகொடிகளும் விலங்குகளும் நமக்கு வேண்டாத நிலத்தில் மட்டுமா வாழ்கின்றன? பாலூட்டிகள், நீர்நில வாழ்விகள், ஆமைகள், அழியும் ஆபத்தில் உள்ள பறவைகள் என்று 11,633 இனங்களை எடுத்துக்கொண்டு செய்த ஓர் உலகளாவிய ஆய்வு 2004-இல் வெளியானது. அவற்றில் 1,424 இனங்கள் எந்தக் காப்பகத்துக்குள்ளும் வரவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க உருவான வழிமுறைக்குத்தான் முறைப்படியான பாதுகாப்புத் திட்டமிடல் என்று பெயர். பெயர் கொஞ்சம் அலுவலகக் கோப்பு மாதிரி இருக்கிறது, ஆனால் விஷயம் சிக்கலானதல்ல. ஒரு பகுதியில் எதையெல்லாம், எவ்வளவு காக்க வேண்டும் என்று முதலிலேயே எண்ணோடு எழுதி வைக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள காப்பகங்களில் அதில் எவ்வளவு அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம், விடுபட்டதை முடிந்த அளவு குறைந்த செலவில் நிரப்பும் இடங்களைத் தேட வேண்டும். கிறிஸ் மார்கியூல்ஸ், பாப் பிரெஸ்ஸி என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் இதை ஆறு கட்டங்களாகத் தொகுத்து எழுதினார்கள், இன்றும் துறைக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆறையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. முக்கியமான ஒரே ஒரு யோசனை பிடிபட்டால் மற்றது தானாக வரும்.

அந்த யோசனை இதுதான்: "எது சிறந்த இடம்?" என்று கேட்காதீர்கள், "எந்த இடங்கள் சேர்ந்தால் எதுவும் விடுபடாது?" என்று கேளுங்கள்.

சின்ன உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மூன்று இடங்கள், ஆறு செடி இனங்கள். 'அ' என்ற இடத்தில் 1, 2, 3, 4 என்ற நான்கு இனங்கள் இருக்கின்றன. 'ஆ'வில் 1, 2, 5. 'இ'யில் 3, 4, 6. யாரைக் கேட்டாலும் நான்கு இனங்கள் உள்ள 'அ'தான் வளமான இடம், அதை முதலில் வாங்கு என்பார்கள். வாங்கிவிட்டோம். இன்னும் 5-உம் 6-உம் வெளியே இருக்கின்றன. 5-க்காக 'ஆ'வையும் 6-க்காக 'இ'யையும் வாங்க வேண்டும், ஆக மூன்றும் வாங்கியாயிற்று. ஆனால் 'ஆ', 'இ' இரண்டை மட்டும் எடுத்திருந்தாலே ஆறு இனமும் உள்ளே வந்திருக்கும்! பட்டியலில் முதலிடம் பிடித்த 'அ' தேவையே இல்லை. பணம் இரண்டு இடத்துக்குத்தான் இருந்தது என்றால் இன்னும் மோசம், 'அ'வை முதலில் வாங்கிய காரணத்தாலேயே ஓர் இனம் நிச்சயம் விடுபடும்.

இதை நிரப்புத்தன்மை என்கிறார்கள். ஓர் இடத்தின் மதிப்பு அந்த இடத்துக்குள் மட்டும் இல்லை, ஏற்கெனவே எடுத்த இடங்களில் இல்லாத எதை அது கொண்டுவந்து சேர்க்கிறது என்பதில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை ஓர் இடத்தைச் சேர்க்கும்போதும் மற்ற எல்லா இடங்களின் மதிப்பும் மாறிவிடுகிறது. டாஸ்மேனியாவில் ஜேமி கிர்க்பாட்ரிக் என்ற தாவரவியலாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்வு செய்தது இதைத்தான்: முதல் இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, அங்கே காக்கப்பட்டுவிட்டவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, மிச்ச இடங்களுக்குத் திரும்பவும் மதிப்பெண் போட்டு, அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது. இன்றைக்குக் கேட்டால் இதிலென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அதுவரை நடந்தது என்ன என்றால், எல்லா இடங்களுக்கும் ஒருமுறை மதிப்பெண் போட்டு, மேலிருந்து கீழே பணம் தீரும்வரை வாங்குவது. அப்படிச் செய்தால் முதல் பத்து இடங்களும் ஒரே மாதிரி காடாக அமைந்துவிட வாய்ப்பு அதிகம், ஒரு சதுப்புகூட உள்ளே வராது.

மூன்று இடம் என்றால் கையால் கணக்குப் போடலாம். ஒரு பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வெறும் 100 கட்டம் வைத்துக்கொண்டாலும், எதை எடுப்பது எதை விடுவது என்ற சேர்க்கைகள் 1-க்குப் பின்னால் 30 சுழியம் போடும் அளவுக்கு வருகின்றன. நிஜத் திட்டங்களில் கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால்தான் மென்பொருள். இயன் பால், ஹியூ பாசிங்ஹாம் இருவரும் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய மார்க்ஸான் இதில் மிகப் பிரபலமானது. ஃபின்லாந்தில் உருவான சோனேஷன் இன்னொன்று. மார்க்ஸான் குருட்டாம்போக்காக ஒரு தொகுப்பில் தொடங்கி, ஒரு கட்டத்தைச் சேர்த்தும் நீக்கியும் பார்க்கும். இலக்கு நிறைவேறுகிறதா, செலவு குறைகிறதா என்று கணக்கிடும். ஆரம்பத்தில் சில மோசமான மாற்றங்களையும் ஏற்றுக்கொள்ளும், இல்லாவிட்டால் சுமாரான விடையிலேயே சிக்கிக்கொள்ளும். போகப்போகக் கறாராகிவிடும். இதை நூறு முறை ஓட்டினால் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட நூறு விடைகள் கிடைக்கும்.

நூறு விடையா, ஒன்றுதானே வேண்டும் என்று எரிச்சல் வரலாம். எனக்கு இதில் பிடித்த பகுதியே அதுதான். ஒரு கட்டம் நூறு விடைகளிலும் வருகிறது என்றால் அதற்கு மாற்றே கிட்டத்தட்ட இல்லை. அங்கே உள்ள ஏதோ ஒன்று வேறெங்கும் கிடைக்காது. இன்னொரு கட்டம் முப்பது விடைகளில்தான் வருகிறது என்றால், அதன் உரிமையாளர் விற்க மறுத்தால் பரவாயில்லை, பக்கத்தில் வேறு வழி இருக்கிறது. எங்கே பேரம் பேசலாம், எங்கே பேசவே கூடாது என்பது பேச்சுவார்த்தைக்கு உட்காரும் முன்பே தெரிந்துவிடுகிறது. மாற்று இல்லாத இந்தத் தன்மையை ஈடுசெய்ய முடியாமை என்கிறார்கள். அது பறிபோகும் ஆபத்து எவ்வளவு உடனடியானது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈடுசெய்ய முடியாதது, நாளையே உழப்படலாம் என்றால் இன்றே போக வேண்டும். ஈடுசெய்ய முடியாதது, ஆனால் யாரும் எட்டாத மலையுச்சி என்றால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சுமார் 90,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஏறக்குறைய 9,000 தாவர இனங்கள், அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் உலகில் வேறெங்கும் இல்லை. அங்கே மலைகள் நன்றாகவே காக்கப்பட்டிருக்கின்றன, நீர்ப்பிடிப்புப் பகுதிகள் என்பதும் அதற்கு ஒரு காரணம். கீழே சமவெளியில் ரெனோஸ்டர்வெல்ட் என்ற புதர்நிலம் இருந்தது. மண் வளமானது, அதனால் கோதுமையும் திராட்சையும் வந்து, மிகப் பெரும்பகுதி உழவுக்குப் போய்விட்டது. வயல்களுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும் அந்தப் புதர்களில்தான் கிழங்கிலிருந்து முளைத்துப் பூக்கும் அரிய செடிகள் நிறைய இருக்கின்றன, ஓட்டில் நட்சத்திரக் கோலம் போட்டதுபோல் இருக்கும் ஜியோமெட்ரிக் ஆமையும் இருக்கிறது. மலையில் இன்னொரு நூறு சதுர கிலோமீட்டர் சேர்ப்பதைவிட இந்தத் துண்டுகளில் சிலவற்றைக் காப்பது எவ்வளவோ மேல். ஆனால் புள்ளிவிவரத்தில் மலையைச் சேர்ப்பதுதான் பெரிதாகத் தெரியும்.

இங்கேதான் சதவீதத்தின் பொறி. 2020-க்குள் உலக நிலத்தில் 17 சதவீதம் என்று முன்பு ஓர் இலக்கு இருந்தது. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் கூடி 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதம் என்று ஒப்புக்கொண்டன. எல்லா வகை வாழிடங்களும் அதற்குள் வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது, ஆனால் செய்திகளில் 30 என்ற எண் மட்டும்தான் பேசப்படுகிறது. மொத்தப் பரப்பை மட்டும் எண்ணினால் எந்த அரசும் மலிவான நிலத்தைத்தான் தேடிப் போகும். அதனால்தான் மொத்தத்துக்கு ஓர் எண் போதாது, ஒவ்வொரு வாழிடத்துக்கும் தனித்தனி எண் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு தாவர வகைக்கும் அதன் முதல் பரப்பில் 16 முதல் 36 சதவீதம் வரை இலக்கு வைத்தார்கள். நிலப்பரப்பு கூடக்கூட எத்தனை இனங்கள் கூடுகின்றன என்ற கணக்கிலிருந்து அந்த எண்கள் வந்தன, இன வளம் மிக்க வகைக்குக் கூடுதல் பங்கு. இப்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அதில் பங்கு போடாமல், அழிவதற்கு முன் எவ்வளவு இருந்ததோ அதில் பங்கு போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். இல்லாவிட்டால் ஒரு காட்டை முக்கால்வாசி அழித்துவிட்டு, மிச்சத்தில் 30 சதவீதம் காத்துவிட்டோம் என்று பெருமை பேசலாம்.

கேப் பகுதியிலிருந்தே இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "காப்பது என்றால் மரம் நடுவது" என்ற எண்ணம் எல்லா இடத்திலும் வேரூன்றிக் கிடக்கிறது. அங்குள்ள ஃபைன்போஸ் என்ற புதர்க்காட்டில் இயல்பாக மரங்கள் குறைவு. வெளியிலிருந்து வந்த பைன் மரங்களும் ஆஸ்திரேலிய அக்கேசியாக்களும் அதற்குள் பரவி, இயல் செடிகளை மூடி, ஓடைத் தண்ணீரையும் குடித்துத் தீர்க்கின்றன. 1995 முதல் அரசே ஆள் வைத்து அவற்றை வெட்டி அகற்றுகிறது. ஃபைன்போஸுக்கு நெருப்பும் வேண்டும், சுமார் 10 முதல் 30 ஆண்டுக்கு ஒருமுறை எரிந்தால்தான் பல செடிகளின் விதைகள் முளைக்கும். ஆக, வேலி போட்டு மரம் நட்டு நெருப்பை முழுக்கத் தடுத்தால் அந்த இடம் பச்சையாக இருக்கும், காக்க நினைத்தது இருக்காது. திட்டமிடுபவர்கள் இனங்களின் பட்டியலோடு நிற்காமல், அவை தொடர்ந்து வாழ எது நடக்க வேண்டும் என்றும் எழுதி வைப்பது இதனால்தான். கேப் திட்டத்தில் ஆற்று வழிகள் முழுவதும், கடற்கரை மணல் நகரும் பாதைகள், மலையும் சமவெளியும் சந்திக்கும் சரிவுகள் எல்லாம் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் இருந்தன. வெப்பம் கூடும்போது செடிகள் மேலே ஏற இடம் வேண்டும், பெரிய விலங்குகளுக்கு நடமாட இடம் வேண்டும். நாலாபுறமும் வயல் சூழ்ந்த சிறு துண்டில் ஓரங்களிலிருந்து களைகளும் காற்றும் பூச்சிமருந்தும் உள்ளே வரும் என்பதால், மொத்தப் பரப்பு சமமாக இருந்தாலும் சிதறிய துண்டுகளைவிட ஒட்டிய கட்டங்களுக்கு மென்பொருளில் கூடுதல் மதிப்புக் கொடுக்க முடியும். ரெனோஸ்டர்வெல்ட் மாதிரி துண்டுகள் மட்டுமே மிஞ்சிய இடத்தில் அந்த வசதி நமக்கு இல்லை, இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நேர்மையான பதில்: பெரும்பாலும் அரைகுறையாகத்தான். தாவர, விலங்குப் பதிவுகள் சாலையோரத்திலும் ஆய்வு நிலையங்களைச் சுற்றியும் குவிந்து கிடக்கும், ஏனென்றால் மனிதர்கள் அங்கேதான் எளிதாகப் போகிறார்கள். வரைபடத்தில் வெற்றாகத் தெரியும் கட்டத்தில் எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை, யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதாகவும் இருக்கலாம், மென்பொருளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதைச் சமாளிக்க மண், மழை, உயரம், தாவர வகை ஆகியவற்றைப் பதிலியாக வைத்துக்கொள்கிறார்கள். மண்ணும் மழையும் மாறும் இடத்தில் இனங்களும் மாறும் என்ற ஊகம், பொதுவாகப் பரவாயில்லாமல் வேலை செய்கிறது. ஆனால் "புலியைக் காத்தால் எல்லாவற்றையும் காத்த மாதிரி" என்ற வகை ஊகத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மடகாஸ்கரில் எறும்பு, பட்டாம்பூச்சி, தவளை, பல்லி வகைகள், லெமூர், தாவரங்கள் என்று 2,315 இனங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2008-இல் வந்தது. ஏதாவது ஒரு குழுவுக்கு மட்டும் சிறந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தபோது மற்றக் குழுக்கள் சரியாக உள்ளே வரவில்லை. லெமூருக்கு ஏற்ற வரைபடம் எறும்புக்கு ஏற்றதாக இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஓரளவு தேறியது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பாதுகாப்பு பேசும் இடத்தில் பணத்தைப் பேசுவது சிலருக்குப் பிடிக்காது, எனக்கு அந்தக் கூச்சம் புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. ஒரே இனத்தைக் காக்க இரண்டு இடங்கள் இருந்து, ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு விலை என்றால், மலிவானதை எடுத்துவிட்டு மிச்சப் பணத்தில் வேறொன்றைக் காக்கலாம். செலவு என்றால் நிலத்தின் விலை மட்டுமல்ல. யாருடைய பிழைப்பு போகிறது என்பதும் அதற்குள் வரும். அதைக் கணக்கில் எழுதாமல் விட்டால் செலவு மறைந்துவிடாது, குரல் கொடுக்க முடியாதவர்கள் தலையில் போய் விழும். காப்பகத்துக்காக மக்களை வெளியேற்றிய பழைய வரலாறு பல நாடுகளில் இருக்கிறது, ஆகவே இது வெறும் கற்பனைக் கவலை அல்ல.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் பவளத்திட்டில் இது எப்படி நடந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. சுமார் 3,44,400 சதுர கிலோமீட்டர் கடல் பூங்கா, அதில் மீன்பிடிக்கே அனுமதி இல்லாத பகுதி முன்பு 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. கடலை 70 உயிர்ச்சூழல் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் முழுப் பாதுகாப்பில் இருக்க வேண்டும் என்று முதலில் விதி வைத்தார்கள். கணினி வரைபடங்கள் உதவின, ஆனால் அதோடு முடியவில்லை. மக்களிடமிருந்து 30,000-க்கும் மேற்பட்ட கருத்து மனுக்கள் வந்தன, மீனவர்கள் எங்கே பிடிக்கிறார்கள் என்பதைப் பார்த்துக் கோடுகள் திரும்பத் திரும்ப நகர்த்தப்பட்டன. 2004 ஜூலையில் புதிய வரைபடம் நடைமுறைக்கு வந்தபோது முழுப் பாதுகாப்பு 33 சதவீதத்துக்கும் மேல். கோடுகளை நகர்த்தியும் இலக்கு எப்படிக் கெடவில்லை? ஒவ்வொரு பகுதிக்கும் எண் முன்பே எழுதப்பட்டிருந்ததால், ஓர் இடத்தை விட்டுக்கொடுத்தால் அதே பகுதியில் வேறு எங்கே ஈடுகட்டுவது என்று உடனே பார்க்க முடிந்தது. மீன்பிடித் தொழிலுக்கான இழப்பீட்டுச் செலவு மட்டும் ஆரம்ப மதிப்பீட்டைவிடப் பல மடங்கு ஏறிவிட்டது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

எல்லாத் திட்டமும் இப்படி நடைமுறைக்கு வருவதில்லை. வெளியான பாதுகாப்பு மதிப்பீடுகளைத் தேடிப்பிடித்து ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு களத்தில் எந்தச் செயலாகவும் மாறவில்லை என்று சொன்னது. ஆய்விதழில் வண்ண வரைபடம் வந்தது, அவ்வளவுதான். செயல்பட்ட இடங்களில் ஒரு பொது அம்சம் தெரிகிறது: வரைபடம், முடிவெடுப்பவர் மேசையில் உள்ள வேலையோடு பொருந்தியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் முக்கியப் பல்லுயிர்ப் பகுதிகள் என்று குறித்த வரைபடங்கள் நகராட்சிகளின் நிலப்பயன்பாட்டு முடிவுகளுக்குள் நுழைந்திருக்கின்றன. ஒருவர் வயலையோ கட்டடத்தையோ விரிவாக்க அனுமதி கேட்கும்போது அதிகாரி அதைத் திறந்து பார்க்கிறார். நிலத்தை வாங்காமலேயே, உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டுக் காக்கும் முறையும் அங்கே உண்டு. ரெனோஸ்டர்வெல்ட் துண்டுகள் பெரும்பாலும் தனியார் பண்ணைகளுக்குள் இருப்பதால் வேறு வழியும் இல்லை.

இப்படி ஒரு திட்டம் உங்கள் கண்ணில் பட்டால் வண்ண வரைபடத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் இலக்குகளின் அட்டவணையைத் தேடுங்கள்: எந்தெந்த இனம், எந்தெந்த வாழிடம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, அந்த எண் எங்கிருந்து வந்தது. அட்டவணையே இல்லை என்றால் அது திட்டமல்ல, ஆசை. ஏற்கெனவே உள்ள காப்பகங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டதா, அவற்றில் நிஜமாகவே பாதுகாப்பு நடக்கிறதா, காகிதத்தில் மட்டுமா என்று பாருங்கள். தரவு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதும் முக்கியம். நிலம் அதற்குள் உழப்பட்டிருக்கலாம், ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும், ஓர் இடம் கைவிட்டுப் போனால் மற்ற எல்லாவற்றின் மதிப்பும் மாறிவிடும் அல்லவா.

நீங்களே செடிகளையோ பறவைகளையோ பார்த்துப் பதிவு செய்பவராக இருந்தால், எல்லோரும் போகும் புகழ்பெற்ற காப்பகத்தில் ஆயிரத்தோராவது பதிவைப் போடுவதைவிட, யாரும் போகாத கரம்பு நிலத்துக்கும் வயலோரப் புதருக்கும் போய், தேதியும் துல்லியமான இடமும் குறித்து, பார்த்த எல்லா இனங்களையும் எழுதுங்கள். தேடியும் கிடைக்காதவற்றை, எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்பதோடு சேர்த்து எழுதினால் அது இன்னும் நல்லது. வெற்றுக் கட்டத்தையும் பார்க்கப்படாத கட்டத்தையும் பிரித்துக் காட்ட அந்த ஒரு வரி போதும்.